பழைய அம்பாசிடரின் ஹெட்லைட்: வழியில் தொலைந்த வோல்ட்டைத் தேடிப் பிடித்தது

பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கினால் முதல் பழி பல்பின் மேல்தான் விழும். கடைக்குப் போய் 100/90 வாட் பல்பு (பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90) வாங்கிப் போடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக எரியும். பிறகு ஹோல்டர் உருகும், சுவிட்ச் சூடாகும், கடைசியில் பழைய மங்கல் வெளிச்சத்தோடுதான் மலை ஏறுவார்கள். சேலத்தில் இப்படி எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டு அம்பாசிடரில் அந்த வழிக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்து, பேட்டரியிலிருந்து பல்பு வரைக்கும் வோல்ட் எங்கெங்கே தொலைகிறது என்று அளந்து பார்த்துச் சரிசெய்தேன். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டி வேறாக இருந்தாலும் அளக்கும் முறை அப்படியே பொருந்தும்.

வண்டி 1978ஆம் ஆண்டின் மார்க் 3. பெரியப்பா ஆசையாக வைத்திருந்தது. இப்போது அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அக்கா குடும்பம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருப்பதால் வண்டி அடிக்கடி மலை ஏறும். இருட்டிய பிறகு இறங்க வேண்டிய நிலையும் வரும். சேலம் நகரம் 300 மீட்டர் உயரம்கூட இல்லை. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் தெளிவாக இருக்கும் சாலை, மேலே போகப் போகப் பனிமூட்டத்துக்குள் நுழைந்துவிடும். டெயில் லைட் இல்லாத இருசக்கர வாகனம், வளைவில் திரும்புகிற பஸ், சுவர் ஓரம் நிற்கிற காட்டெருமை எல்லாம் அந்த வழியில் சாதாரணம். அங்கே ஹெட்லைட் கைவிட்டால் ஒதுங்கி நிற்கவும் இடம் இருக்காது.

குறைகள் இரண்டு. ஒன்று, இரண்டு பக்க விளக்குகளும் பொதுவாகவே மங்கல், இடது பக்கம் இன்னும் மங்கல். மற்றொன்றுதான் விசித்திரமானது. டிம்மில் போய்க்கொண்டிருக்கும்போது, சாலைக் குழியில் சக்கரம் இறங்கி ஏறினால் இடது விளக்கு சட்டென்று செக்கச் சிவந்து போகும். அதே நொடியில் டேஷ்போர்டில் பிரைட்டுக்கு எரிய வேண்டிய காட்டி விளக்கு, பிரைட் போடாமலே, லேசாக எரிந்து அணையும். இந்த இரண்டும் சேர்ந்து வந்ததால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உதிரிபாகக் கடைக்காரர் வழக்கம்போல், "அண்ணா, 100/90 போட்டுவிடுங்கள், மலைக்கு அதுதான் சரி" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 வாட் பல்பு இரண்டும் டிம்மில் எரிந்தால், 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 100 வாட் இரண்டு பிரைட்டில் எரிந்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். நாற்பது ஆண்டுக்கு மேல் பழைய ஒயரும் சுவிட்சும் 9 ஆம்பியரையே திக்கித் திணறிக் கடத்துகின்றன. அவற்றின் தலையில் 17 ஆம்பியரை ஏற்றினால், வழியில் இழக்கும் வோல்ட்டும் ஏறும், சூடும் ஏறும். இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸும் கிடையாது. ஃபியூஸ் போனால் ஓடுகிற வண்டி ஒரேயடியாக இருட்டில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் ஹெட்லைட் ஒயருக்கு ஃபியூஸ் வைக்காமல் விடுவது வழக்கம். ஆகவே ஒயர் சூடாகி உறை உருகினால் தடுக்க எதுவும் இல்லை. இப்போது இருக்கும் 60/55 வாட் எச்4 பல்பே (ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டுக்கும் இழை உள்ள ஹாலஜன் வகை) போதும். அதற்குச் சேர வேண்டிய வோல்ட்டைச் சேர்த்தால் அந்த மலைக்கு வேண்டிய வெளிச்சத்தை அது தரும்.

வேலைக்கு எடுத்துக்கொண்டவை: சாதாரண மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த நீளமான ஒயர், உப்புத்தாள், பித்தளைக் கம்பி பிரஷ், ஸ்பேனர், திருப்புளி, டார்ச். மீட்டர் விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. வோல்ட்டைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை சரியாகக் காட்டினால் போதும்.

முதலில் மின்சாரம் போகும் வழியைத் தாளில் வரைந்துகொண்டேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் சாலினாய்டின் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) தடித்த போல்ட். அங்கிருந்து பழுப்பு ஒயர் சுற்றிக்கொண்டு டேஷ்போர்டுக்குள் போய் விளக்குச் சுவிட்சில் சேர்கிறது. சுவிட்சிலிருந்து நீல ஒயர் கீழே இறங்கி, கிளட்ச் பெடலுக்கு இடப்பக்கம் தரையில் இருக்கும் டிப்பர் சுவிட்சுக்கு வருகிறது. காலால் அழுத்தி டிம், பிரைட் மாற்றுவோமே, அதுதான். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது: நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு. இரண்டும் ரேடியேட்டரின் முன்பக்கம் வந்து, புல்லட் கனெக்டர்களில் (ஒயர் முனைகளைச் செருகி இணைக்கும் சிறு குழல்கள்) இடம் வலம் பிரிந்து பல்புக்குப் போகின்றன. பல்பிலிருந்து கறுப்பு ஒயர் மட்கார்டின் உட்புறத் தகட்டில் ஒரு திருகில் முடிகிறது. அதற்கப்பால் வண்டியின் பாடியே ஒயர். அதன் வழியாக மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது.

அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வண்டியின் வழித்தோன்றல் என்பதால் இந்த நிறங்கள் எல்லாம் இங்கிலாந்து வழக்கப்படி இருக்கின்றன. ஆனாலும் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் வண்டியிலேயே டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் வீட்டு ஒயர் சேர்ந்திருந்தது. இன்னொன்றும் உண்டு: பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேர்ந்திருக்கும். எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு மீட்டரை எடுங்கள். எங்களுடையதில் நெகட்டிவ்தான் எர்த். டைனமோ இருந்த இடத்தில் முன்பே யாரோ ஆல்டர்நேட்டர் மாட்டியிருந்தார்கள்.

இப்போது அளவைக்கு வருவோம். வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

பலர் செய்வது இது: பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைப்பார்கள். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். "ஒயர் எல்லாம் சரி, பல்புதான் போய்விட்டது" என்று முடித்துவிடுவார்கள். நானும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படி அளந்தேன். இரண்டு பக்கமும் பேட்டரியில் இருக்கும் அதே வோல்ட் வந்தது. ஆனால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மீட்டர் இழுக்கும் மின்சாரம் இல்லை என்றே சொல்லலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருந்தாலும், கீழே குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் நூலாக ஒழுகுவது தெரியும். ஆகவே பல்பு மாட்டியிருக்க வேண்டும், விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது அளப்பதுதான் அளவு.

எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, டிம் போட்டேன். பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட். அதில் குறை இல்லை. வலது பல்பின் பின்னால், டிம் தகட்டுக்கும் எர்த் தகட்டுக்கும் இடையே 11.2. இடது பல்பில் 9.0.

இந்த எண்களின் கனம் இழைப் பல்பின் குணத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். வோல்ட் குறைகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் குறைவதில்லை. பல மடங்கு வேகமாக விழுகிறது. எச்4 பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்: டிம்மில் சுமார் 1000 லூமென் (வெளிச்சத்தின் அலகு), பிரைட்டில் 1650. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். அந்தக் கணக்கில் 11.2 வோல்ட் வந்த வலது விளக்கு, பாதிக்குச் சற்று மேலான வெளிச்சத்தைத்தான் தந்துகொண்டிருந்தது. 9 வோல்ட் வந்த இடது விளக்கு கால் பங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பல்பு இரண்டும் நல்ல பல்புகள். அவற்றைத் தூக்கி எறிந்திருந்தால் அது அநியாயம்.

இனி, தொலைந்தது எங்கே என்று பார்க்க வேண்டும். இதற்கு மீட்டரை வேறு விதமாகப் பிடிக்க வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வைத்து, இன்னொன்றை எரிந்துகொண்டிருக்கும் பல்பின் எர்த் தகட்டில் வைத்தேன். பாதை நன்றாக இருந்தால் மீட்டர் சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். வலப்பக்கம் 0.2 காட்டியது. சரி. இடப்பக்கம் 2.4. பல்புக்குப் போய்ச் சேரும்வரை இரு பக்கமும் ஒரே நிலைதான். இடது விளக்கு மட்டும் திரும்பி வரும் வழியில் 2.4 வோல்ட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தது.

முதலைக் கிளிப் ஒயரை எடுத்து, இடது பல்பின் எர்த்தை நேராகப் பேட்டரி நெகட்டிவில் மாட்டினேன். கண்ணெதிரிலேயே இடது விளக்கு வலதுக்குச் சமமாக நிமிர்ந்தது. கிளிப்பை எடுத்தால் மங்கல், வைத்தால் வெளிச்சம். சந்தேகத்துக்கே இடம் இல்லை.

குழியில் குதிக்கும்போது பிரைட் காட்டி விளக்கு எரிந்ததற்கும் இதுதான் காரணம். எர்த் திருகு அந்த நொடியில் முழுவதுமாகத் தொடர்பை இழக்கிறது. டிம் இழை வழியாக வந்த மின்சாரம் எர்த்துக்குப் போக முடியாமல், அதே பல்பின் பிரைட் இழைக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. அங்கிருந்து பிரைட் ஒயரில் எதிர்த்திசையில் ஓடி, வலது பல்பின் பிரைட் இழை வழியாக எர்த்தைத் தேடிப் பிடிக்கிறது. மூன்று இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது நான்கைந்து வோல்ட்தான். அதனால்தான் அந்தச் சிவப்பு. பிரைட் ஒயரில் அந்த நான்கைந்து வோல்ட் இருப்பதால் காட்டி விளக்கும் லேசாக எரிகிறது. ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு மங்கலாக எரிந்தால், எந்த வண்டியானாலும் முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

எர்த் திருகைக் கழற்றியபோது வருத்தமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வண்டிக்குத் தகட்டு வேலையும் பெயின்டும் பார்த்தார்கள். பெயின்ட் அடித்தவர் எர்த் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, அந்தப் பெயின்டின் மேலேயே வளையத்தை வைத்துத் திருகை முடுக்கியிருந்தார். அத்தனை நாளும் மின்சாரம் போனது திருகின் இரண்டு மூன்று புரிகள் வழியாக மட்டும். அந்தப் புரிகளும் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் பொடியாக உதிர்ந்தன. வெளியே பார்த்தால் பளபளவென்று புது வண்டி. உள்ளே இந்த நிலை. பழைய வண்டிக்குப் பெயின்ட் அடித்து வாங்கியதும் எர்த் திருகுகள் அத்தனையையும் கழற்றிச் சுரண்டி மாட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரியும்படி செய்தேன். புதுத் திருகு, பல் வைத்த வாஷர், புது வளையம். முடுக்கியபின் மேலே வாஸ்லின் பூசினேன். பூசுவது முடுக்கிய பிறகு, ஈரம் நுழையாமல் இருப்பதற்காக. மீட்டர் வைத்தால் 2.4 இருந்த இடத்தில் 0.1.

இனி பாசிட்டிவ் பக்கம். அங்கே இரண்டு விளக்குகளுக்கும் பொதுவாக 2.5 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் நீள ஒயரால் கட்டிப்போட்டுவிட்டு, இன்னொன்றைப் பாதை நெடுக நகர்த்திக்கொண்டே போனேன். விளக்குச் சுவிட்சுக்குள் நுழையும் இடத்தில் 0.5. சுவிட்சைத் தாண்டினால் 1.3, ஆக, சுவிட்ச் தின்றது 0.8. டிப்பர் சுவிட்சைத் தாண்டினால் 2.2, அது தின்றது 0.9. மீதி 0.3 புல்லட் கனெக்டரிலும் ஹோல்டரிலும். குற்றவாளி என்று ஒருவரைப் பிடித்து நிறுத்த முடியாது, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு "ஒன்றும் தேறவில்லையே" என்று பலர் சோர்ந்துபோகிறார்கள்.

இந்த இழப்பு வெறும் வெளிச்ச இழப்பு மட்டுமல்ல. டிப்பர் சுவிட்சில் 0.9 வோல்ட், அதன் வழியே 8 ஆம்பியருக்கு மேல் ஓட்டம்: பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல். கட்டைவிரல் அளவுள்ள தொடுதகட்டில் அவ்வளவு சூடு ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேரும்வரை எரியவிட்டு, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் கை வைத்துப் பார்த்தபோது சுவிட்சில் விரல் தாங்கவில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு டிப்பர் சுவிட்சைப் பிரித்தேன். கால்மிதி ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கியிருந்தது. ஏற்காட்டு மழையில் நனைந்த செருப்போடு ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் முழுவதும் வடிந்து சேரும் இடம் இதுதான். சுவிட்சின் அடிப்பக்கம் துரு. உள்ளே தொடுதகட்டின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள், குழிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. நீல ஒயர் வந்து சேரும் இடத்தில் உறையைக் கொஞ்சம் சீவினால் செம்புக் கம்பி கன்னங்கரேலென்று இருந்தது. வெட்டினேன், உள்ளேயும் கறுப்பு. விரல் நீளம் வெட்டிய பிறகுதான் செம்பின் நிறம் தெரிந்தது. மலைக் குளிரிலும் சமவெளி வெயிலிலும் மாறி மாறி நின்ற ஒயர், முனை வழியாக ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இப்படிக் கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டாது, கிளிப்பும் பிடிக்காது. நிறம் தெரியும்வரை வெட்டுவதைத் தவிர வழி இல்லை.

சுவிட்சின் தொடுதகடுகளை நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து, முனைகளைப் புதிதாக்கி மாட்டிவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். ஆனால் பழைய சுவிட்சின் தலையில் முழுப் பாரத்தையும் மறுபடி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ரிலே வைப்பதுதான் நிரந்தர வழி. சுவிட்ச் இனிமேல் சைகை மட்டும் காட்டினால் போதும். பாரத்தைத் தூக்குவது ரிலே. ரிலேயின் சுருள் இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான். பெரியப்பா காலால் அழுத்திய அதே சுவிட்ச் இனி எத்தனை ஆண்டானாலும் உழைக்கும்.

நான்கு முனை கொண்ட 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே இரண்டு: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. முனைகளின் எண்கள் அடியில் அச்சிட்டிருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87லிருந்து ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 86க்கு, முன்பு பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய டிம் அல்லது பிரைட் ஒயர். 85 எர்த்துக்கு. உள்ளே டயோடு வைத்த ரிலே கிடைத்தால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. சாதாரண ரிலேயில் எப்படிக் கொடுத்தாலும் வேலை செய்யும்.

ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைக்கிறவர்கள் உண்டு. அது தவறு. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் தகட்டில் உரசினால் காப்பாற்ற ஆளில்லை. டிம் ரிலேக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, பிரைட் ரிலேக்குத் தனியாக 20 ஆம்பியர் இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வளைவில் டிம் ஃபியூஸ் போனால் அடுத்த நொடியே காலை அழுத்திப் பிரைட்டைப் பிடிக்கலாம். ஒரே ஃபியூஸ் என்றால் மொத்தமும் இருட்டு. இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே வேண்டாம் என்று விட்டதும் இந்த அச்சத்தால்தான். அவர்கள் அச்சத்தையும் மதித்து ஒயரையும் காப்பாற்ற இது ஒரு வழி.

ரிலே இரண்டையும் பேட்டரிக்கு அருகில், சைலன்சர் சூடு படாத இடத்தில், முனைகள் கீழே பார்க்கும்படி மாட்டினேன். மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். முனைகளைக் கிரிம்ப் செய்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஒயர்களைத் துணி டேப்பால் சுற்றிக் கட்டினேன். சாதாரணப் பிளாஸ்டிக் டேப் போனட் சூட்டில் பசை இளகி நழுவிவிடும். இடது, வலது எர்த் இரண்டுக்கும் பாடியோடு சேர்த்துப் பேட்டரி நெகட்டிவ் வரை தனி ஒயரும் இழுத்துவிட்டேன். நாளை யாராவது மறுபடி பெயின்ட் அடித்தாலும் விளக்கு அணையாது.

ஹோல்டர் இரண்டும் பழுப்பேறி, ஒன்றில் தகடு தளர்ந்து ஆடியது. பீங்கான் ஹோல்டர் வாங்கி மாட்டினேன். பல்பைக் கண்ணாடியில் தொடாமல் அடித்தகட்டைப் பிடித்து மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். ரிஃப்ளெக்டரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்; அதில் வெள்ளி உதிர்ந்து பால் பூத்ததுபோல் இருந்தால் வோல்ட் எவ்வளவு வந்தாலும் பயன் இல்லை. எங்களுடையது நல்ல நிலையில் இருந்தது.

எல்லாம் முடித்து எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.9. வலது பல்பில் 13.5. இடது பல்பிலும் 13.5. அந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அக்கா மகன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "மாமா, புது விளக்கா வாங்கினீர்கள்?" என்று கேட்டான். விளக்கு பழையதுதான், பல்பும் பழையதுதான் என்று அவனை அருகில் அழைத்து மீட்டரைக் கையில் கொடுத்து அளக்கவைத்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இழப்பு போய்விட்டதால் ஆல்டர்நேட்டர் தருவது ஏறத்தாழ முழுதாகப் பல்புக்கு வரும். ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட் தள்ளினால் அதுவும் வந்துவிடும், பல்பு விரைவில் கருகும். எஞ்சினை முடுக்கும்போது பேட்டரியில் 14.4க்கு மேல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேர்மாறாக, கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் எஞ்சின் தணியும்போது விளக்கும் தணிந்தால் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல் தடிமன் அளவுக்கு இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள்.

வெளிச்சம் வந்ததும் அது எங்கே விழுகிறது என்பதும் நம் பொறுப்பு. முன்பு மங்கலாக இருந்தபோது யார் கண்ணையும் உறுத்தாத விளக்கு, இப்போது எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும். சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தேன். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுகளைத் திருப்பினேன். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடது ஓரத்தில் மேலே ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வேறு நாட்டுக்கான கண்ணாடி, கழற்றிவிடுங்கள். அளக்கும்போது பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவையுங்கள். அம்பாசிடரின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், ஆள் ஏறினால் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்.

அதற்குப் பிறகு ஒரு மார்கழி இரவில் அடிவாரத்திலிருந்து ஏறினோம். முன்பு வளைவின் கைப்பிடிச் சுவர் வெள்ளையாகத் தெரியுமே தவிர, சுவருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள வடிகால் தெரியாது. இப்போது வடிகாலின் விளிம்புக் கல், அதில் குவிந்திருந்த சில்வர் ஓக் சருகு வரை தெரிந்தது. மேல் வளைவுகளில் பனி இறங்கியதும் பிரைட்டைத் தொடவில்லை. பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். டிம்மில், சாலை ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போவதே முறை. டிம் விளக்கு இரண்டும் சமமாக எரிந்தால் அந்தக் கோடு கடைசிவரை கண்ணை விட்டுப் போகாது.

அவசரத்துக்கு டேஷ்போர்டுப் பெட்டியில் உபரி ரிலே ஒன்று, இரண்டு ஃபியூஸ், இரு முனையிலும் தகட்டுக் கிளிப் வைத்த சாண் நீள ஒயர் ஒன்று வைத்திருக்கிறேன். மலையில் ரிலே போனால் அதைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் அந்த ஒயரால் இணைத்தால் விளக்கு எரியும். சுவிட்சால் அணைக்க முடியாது என்பதால் வண்டியை நிறுத்தியதும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அளந்த எண்கள் அத்தனையையும் ஒயர் படத்தோடு ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வைத்தாயிற்று. அடுத்து யார் கை வைத்தாலும் அவர்களுக்கு அது உதவும்.

பின்பக்கம் இன்னும் பாக்கி. பிரேக் மிதித்தால் இடது பின் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக எரிகிறது. அறிகுறியைப் பார்த்தால் அதுவும் எர்த்தாகத்தான் இருக்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை இறக்கி, உள்தகட்டில் எர்த் திருகு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அங்கேயும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பின்னால் வரை எட்டுகிற நீள ஒயரும் தயார். ஞாயிற்றுக்கிழமை யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும்.